கண்டியிலிருந்து புறப்படும் சமயப் பயணம்

உலக சமயங்களை நேரில் கண்டு கற்கவென்று ரோம், எருசலேம், இஸ்தான்புல், காசி ஆகிய நகரங்களுக்கு மாணவரை அழைத்துப் போவது மேற்கு நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் பழகிப்போன காரியம். வசதியுள்ள நம் பெற்றோரிடமும் சில பாடசாலைகளிடமும் அதே ஆசை முளைத்திருக்கிறது. ஆசையில் குற்றமில்லை. ஆனால் கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்று இத்தகைய பயணத்தைத் திட்டமிட உட்காரும்போது, எந்த நாட்டுக்குப் போவது என்ற கேள்வியே முதலில் மேசைக்கு வருகிறது. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், ஆள் ஒன்றுக்கு எவ்வளவு என்று பேச்சு அப்படியே நீண்டுவிடுகிறது. அதற்கு முன்னரே தீர்க்கவேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. யார் யார் சேர்ந்து போகிறார்கள்? புறப்படுமுன் தங்கள் ஊரில் எதையெல்லாம் கண்டிருக்கிறார்கள்? கண்டிப் பிள்ளையின் சமயப் பயணம் கண்டித் தெருக்களில், வேற்றுச் சமயப் பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்கவேண்டும் என்பதும், அந்த அடித்தளம் இல்லாமல் கடல் கடந்தால் அது கல்விப் பயணமாகாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்கான முதல் ஆதாரம் நமது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இலங்கையில் சமயம் கட்டாய பாடம். தரம் ஒன்றிலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரை ஒவ்வொரு பிள்ளையும் சமயம் படிக்கிறது. ஆனால் தன் சமயத்தை மட்டுமே படிக்கிறது. சமய பாட வேளை வந்ததும் பௌத்தப் பிள்ளை ஒரு வகுப்பறைக்கும், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் படிக்கும் பிள்ளைகள் வேறு வேறு வகுப்பறைகளுக்கும் பிரிகிறார்கள். பல பாடசாலைகளில் அந்தப் பிரிவுக்குக்கூட இடமில்லை, ஏனென்றால் பாடசாலையே ஒரு மொழிக்கும் ஒரு சமூகத்துக்கும் உரியதாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இதே கதைதான்: தஹம் பாசல், அறநெறிப் பாடசாலை, மறைக்கல்வி, அஹதியா என்று ஒரே நேரத்தில் நான்கு திசைகளில் பிள்ளைகள் நடக்கிறார்கள். பதினொரு ஆண்டு சமயக் கல்வியை முடித்து வெளிவரும் மாணவிக்குத் தன் சமயம் ஓரளவு தெரியும். பக்கத்து வீட்டுத் தோழி நோன்பு ஏன் பிடிக்கிறாள், எதிர்வீட்டுப் பாட்டி போயா தினத்தில் சில் விரதம் எடுத்து என்ன செய்கிறாள் என்பது தெரியாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் பௌத்தர், ஏழில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள், பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இந்துக்கள், மிச்சம் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். இத்தனை பேர் ஒரே பேருந்தில் போய்வரும் மாவட்டத்தில் இந்த அறியாமையை எந்தப் பரீட்சையும் அளப்பதில்லை.

வெளிநாட்டுப் பயண வழக்கமும் நம்மிடம் பிரிந்தே வளர்ந்திருக்கிறது. பௌத்தர்கள் தம்பதிவ வந்தனாவுக்குப் போகிறார்கள். புத்தகயா, சாரநாத், குசிநாரா, லும்பினி என்று அந்தப் பாதை நீளும். சைவர்கள் சிதம்பரம், மதுரை, இராமேஸ்வரம் போகிறார்கள். கத்தோலிக்கர்கள் வேளாங்கண்ணிக்கும் முஸ்லிம்கள் மக்காவுக்கும் போகிறார்கள். இவை யாத்திரைகள். யாத்திரைக்கு அதற்குரிய மாண்பு உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பாடசாலை செய்யவேண்டியது வேறு வேலை. யாத்திரிகர் தாம் ஏற்கெனவே நம்புவதை உறுதிப்படுத்தப் போகிறார். மாணவர் தாம் நம்பாததையும் விளங்கிக்கொள்ளப் போகவேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு 2007இல் வெளியிட்ட டொலிடோ வழிகாட்டு நெறிகள், அரச பாடசாலைகளில் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதையும் ஒரு சமயத்துக்குள் வளர்ப்பதையும் தெளிவாகப் பிரித்தே பேசுகின்றன. இலங்கைப் பாடசாலை இரண்டாவதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. முதலாவது இன்னும் தொடங்கவில்லை.

அதைத் தொடங்குவதற்குக் கண்டியை விட வாய்ப்பான நகரங்கள் அதிகம் இல்லை. தலதா மாளிகையின் முன்னால் நின்று சுற்றிப் பார்த்தால் போதும். எதிரே நாத தேவாலே. நகரத்தில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அது, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் அருகில் பத்தினி தேவாலே. பக்கத்திலேயே செந்நிறச் செங்கல்லில் எழுந்த புனித பவுல் ஆலயம். 1840களில் ஆங்கிலிக்கன் சபையினர் கட்டத் தொடங்கி 1852 அளவில் முடித்தது. சற்றே நடந்தால் விஷ்ணு தேவாலே, நகரத் தெருவுக்குள் கதிர்காம தேவாலே, அப்பால் மீரா மக்காம் பள்ளிவாசல், பேராதனைப் பாதையில் கட்டுக்கலை செல்வ விநாயகர் ஆலயம். காலையில் புறப்படும் வகுப்பு மதிய உணவுக்குள் நான்கு சமயங்களின் வாசலையும் கால்நடையாகவே தொட்டுவிடலாம். பேராதனைப் பல்கலைக்கழக வளவுக்குள் போனால், 1952இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்த அந்தக் கல்விக்கூடத்தின் மரநிழலில் குறிஞ்சிக் குமரன் ஆலயமும் விகாரையும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயங்களும் ஒரே நிலத்தில் நிற்கின்றன.

அருகருகே நிற்பது மட்டும் பெரிய பாடமாகாது. உலகத்துப் பெருநகரங்கள் பலவற்றில் அப்படித்தான் நிற்கின்றன. கண்டியில் சமயங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வாழ்ந்திருக்கின்றன என்பதே இங்கு உற்றுப் பார்க்கவேண்டியது. எசல பெரஹராவை எடுத்துக்கொள்வோம். ஆதியில் அது தேவர்களுக்கான ஊர்வலம். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆட்சியில்தான், 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் வந்து உபசம்பதா என்னும் உயர் துறவுச் சடங்கை மீட்டுக்கொடுத்த காலத்தை ஒட்டி, தலதா அந்த ஊர்வலத்தின் முன்னிடத்துக்கு வந்தது. இன்றும் தலதா பெரஹராவைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலேக்களின் பெரஹராக்கள் வரிசையாக வருகின்றன. இறுதியில் கெட்டம்பேயில் நீர் வெட்டுச் சடங்கு முடிந்து திரும்பும் தேவாலே ஊர்வலங்கள் கட்டுக்கலைப் பிள்ளையார் வாசலில் நின்று வழிபட்டே நகருக்குள் நுழைகின்றன. பத்தினி தேவாலேயில் இருப்பவள் யார்? சிலப்பதிகாரத்தைப் பாடமாகப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குக் கண்ணகியைத் தெரியும். பத்தினி மெனியோவை வணங்கும் குடும்பத்துச் சிங்களப் பிள்ளைக்குப் பத்தினியைத் தெரியும். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவுக்கு இலங்கையின் கயவாகு மன்னன் வந்ததாகக் காப்பியம் சொல்கிறது. அதே மன்னனான கஜபாகுவோடு அந்தத் தெய்வம் தங்கள் நாட்டுக்கு வந்ததாகச் சிங்கள மரபு சொல்கிறது. இரு பிள்ளைகளும் அந்த வாசலில் ஒன்றாக நின்று தத்தம் கதையைச் சொன்னால் அன்றைய பாடம் அங்கேயே நடந்துவிடும்.

நகரத்துக்கு வெளியே உடுநுவர, யட்டிநுவரப் பக்கம் போனால் இன்னும் தெளிவு. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேஸ்வராசாரி என்ற தென்னிந்திய ஸ்தபதி. திராவிடக் கற்கோவிலின் உடம்பில் புத்தர் அமர்ந்திருக்கிறார். அதே காலத்து லங்காதிலகவில் முன்பக்கம் புத்தர் சந்நிதி, சுற்றிலும் தேவர்களின் சந்நிதிகள். வெளியே பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. எம்பக்கேயில் முருகனுக்குரிய தேவாலேயின் மரத்தூண்களில் கண்டிய தச்சர்களின் கை. கிறிஸ்தவத்தின் கதையும் இந்த மண்ணோடு பின்னியதே. கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். பிறகு பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குச் சுதந்திரம் கொடுத்தான். கரையோரத்தில் ஒல்லாந்தப் புரட்டஸ்தாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம் அது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது ஊர் விட்டு விலகாமல் நோயாளிகளைப் பராமரித்த அவர் 1711இல் இந்நகரிலேயே இறந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். திருத்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தைக் கண்டிய அரசவை மண்டபத்தின் சாயலில் கட்டியதும், அதன் சுவர்களில் டேவிட் பெயின்டர் இலங்கை நிலமும் முகங்களும் கொண்டு கிறிஸ்துவின் காட்சிகளைத் தீட்டியதும் இதே தொடர்ச்சிதான். முஸ்லிம்களைப் பார்த்தால், போர்த்துக்கேயர் துரத்தியபோது கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்த வரலாறு உண்டு. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் அசன்பேயுடைய சரித்திரம் என்ற நாவலை வெளியிட்ட சித்திலெவ்வை பிறந்தது இந்த நகரத்தில். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட அராபி பாஷா தம் இலங்கை வாழ்வின் பிற்பகுதியைக் கண்டியில்தான் கழித்தார். ஒரு காலத்தில் உலகமே இந்த ஊருக்கு வந்து போயிருக்கிறது.

இவ்வளவையும் இனிமையான கதையாகவே சொல்லிவிட்டுப் போனால் அது பொய்க்கு அருகில் போய் நிற்கும். நகரத்தைப் பாடமாக்குபவர் அதன் காயங்களையும் பாடமாக்க வேண்டும். ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். பௌத்தத்துக்கு அத்தனை தொண்டு செய்த கீர்த்தி ஸ்ரீயையே, திருநீறு பூசும் அந்நிய மன்னன் என்ற மனக்கசப்பில், 1760இல் பிரதானிகளும் பிக்குகளும் சேர்ந்து கொல்லச் சதி செய்தனர். 1912இல் கம்பளையில் வலஹாகொட தேவாலேயின் பெரஹரா ஒரு பள்ளிவாசலைக் கடக்கும்போது பறையை நிறுத்தவேண்டுமா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது. கண்டி மாவட்ட நீதிமன்றம் பெரஹராவின் பக்கம் தீர்ப்பளித்தது. 1915இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அவ்வாண்டு மே மாத வெசாக் இரவில் கண்டியில் ஒரு பள்ளிவாசல் முன்னால் மூண்ட மோதல் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. வணிகப் போட்டியும் குடியேற்ற அரசின் கெடுபிடியும் அந்தத் தீக்கு எண்ணெய் வார்த்தன என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பொறி விழுந்த இடம் வழிபாடுதான்: ஒருவருக்கு முழவொலி இல்லாமல் ஊர்வலம் இல்லை, மற்றவருக்கு அமைதி இல்லாமல் தொழுகை இல்லை. 1998 ஜனவரியில் தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகளின் குண்டு வெடித்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களைச் சிறுவயதில் கண்ட பிள்ளைகள் இன்று நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். இதைப் பேசாத சமயச் சுற்றுலா அவர்களை ஏமாற்றும்.

இத்திட்டத்துக்கு எதிரான மறுப்புகளில் வலிமையானது பெற்றோரின் அச்சம். பிற சமயத்தைக் காட்டினால் பிள்ளையின் நம்பிக்கை ஆட்டங்காணும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். சிறுபான்மைப் பெற்றோரிடம் இதற்கு மேலும் ஒரு அச்சம் உண்டு: பெரும்பான்மைச் சமயத்தின் நிழலில் தங்கள் பிள்ளை கரைந்துபோய்விடும் என்பது. இதைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை. வரலாறு அந்த அச்சத்துக்குக் காரணம் கொடுத்திருக்கிறது. ஆனால் அனுபவம் வேறு விதமாகப் பேசுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பழமைவாதக் கிறிஸ்தவர்களும் புதிய குடியேறிகளும் கலந்து வாழும் மொடெஸ்டோ நகரம் 2000ஆம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் உலக சமயங்களைக் கட்டாய பாடமாக்கியது. லெஸ்டர், ராபர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2006இல் அறிக்கை வெளியிட்டனர். மாணவர்கள் பிறரின் சமய உரிமையை மதிப்பது கூடியிருந்தது. சொந்த நம்பிக்கையைக் கைவிடும் போக்குத் தென்படவில்லை. அந்த நகரம் ஒரு முன்னேற்பாட்டையும் செய்திருந்தது: பாடம் தொடங்குமுன் எல்லாச் சமயத் தலைவர்களையும் அழைத்து வரைவைக் காட்டியது. நாமும் பெற்றோருக்கு எழுத்தில் உறுதி கொடுக்கலாம்: எந்தப் பிள்ளையும் எந்த இடத்திலும் வணங்கவோ, பூ வைக்கவோ, பிரசாதம் வாங்கவோ, பிரித் நூல் கட்டிக்கொள்ளவோ கட்டாயப்படுத்தப்படாது, செருப்பைக் கழற்றி, தலையை மூடி, அமைதியாக நின்று பார்த்தாலே மரியாதை. சந்நிதிக்குள் போக இயலாத நாளில் எந்த மாணவியும் எவருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. வெளியில் நின்று செய்யும் வேலை ஒன்று எப்போதும் தயாராக இருக்கவேண்டும்.

உள்ளூர்ப் பிள்ளைக்கு உள்ளூரில் பார்க்க என்ன இருக்கிறது, வெளிநாடுதானே கண்ணைத் திறக்கும் என்று கேட்பவர்களும் உண்டு. தினமும் கடந்துபோகும் வாசலுக்கு உள்ளே ஒருமுறைகூடப் போகாத பிள்ளைகளே இங்கு பெரும்பாலோர் என்பது அதற்குப் பதில். பரீட்சைச் சுமை, தனியார் வகுப்பு, நேரமின்மை என்ற மறுப்பைச் சுருக்கமாகவே தீர்க்கலாம்: தவணை ஒன்றுக்கு ஒரு காலைப்பொழுது போதும். இவற்றைவிட ஆழமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நான்கு சமயக் குருமாரை ஒரே மேடையில் அமர்த்தி விளக்கேற்றிப் படம் பிடிக்கும் நல்லிணக்க நிகழ்ச்சிகள் நாட்டில் ஏராளம். அவை 2018ஐத் தடுத்தனவா என்று கேட்பவருக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே சொன்னது, வெறும் சந்திப்பு முன்முடிவுகளைக் கரைக்காது என்பதுதான். சமநிலை வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், கூடிச்செய்யும் வேலை வேண்டும், அதிகாரத்தின் ஆதரவு வேண்டும் என்றார். நமது மேடை நிகழ்ச்சிகளில் இருப்பது நான்காவது மட்டுமே. ஆகவே எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கிறது என்று முடித்துவிடும் சுற்றுலா எனக்கு உடன்பாடில்லை. பௌத்தம் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை, இஸ்லாம் உருவ வழிபாட்டை ஏற்பதில்லை, சைவம் உருவத்தில் இறைவனைக் காண்கிறது, கிறிஸ்தவம் சிலுவையில் மீட்பைக் காண்கிறது. இந்த வேறுபாடுகளை அப்படியே தெரிந்துகொண்ட பிறகும் ஒரே வாங்கில் உட்கார முடியும் என்பதைத்தான் பிள்ளைகள் பழகவேண்டும்.

திட்டமிடும்போது இதிலிருந்து சில முடிவுகள் தாமாகவே வருகின்றன. ஒரே பாடசாலையின் பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போவதில் பயன் குறைவு. சிங்கள மொழிப் பாடசாலை, தமிழ் மொழிப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, மிஷன் மரபில் வந்த பாடசாலை ஆகியவற்றிலிருந்து தரம் ஒன்பது மாணவரைச் சம எண்ணிக்கையில் எடுத்துச் சிறு குழுக்களாகப் பிரிக்கவேண்டும். தலதா மாளிகையின் பேரொளியில் மற்ற இடங்கள் சில்லறை நிறுத்தங்களாகச் சுருங்கும் ஆபத்து கண்டிக்கே உரியது. அதனால் எல்லா இடத்துக்கும் ஒரே அளவு நேரம், வேண்டுமானால் மாளிகையைக் கடைசியில் வைக்கலாம். ஓரிடத்தில் அந்தச் சமயத்துப் பிள்ளையே வழிகாட்டியாகப் பேசட்டும். ஆசிரியர் பிழை திருத்தினால் போதும். அப்போது முஸ்லிம் மாணவி பள்ளிவாசலில் தன் சமயத்தை விளக்குகிறவள். அடுத்த வாசலில் கேட்கிறவள். சமநிலை என்பது இப்படி முறை மாறி வருவதிலே உண்டாகும். மொழி தடையாகும் என்பது உண்மை. ஆனால் இரண்டாம் தேசிய மொழியைப் பரீட்சைத் தாளுக்கு வெளியே பயன்படுத்த நமது பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தருணம் எப்போது வாய்க்கப்போகிறது?

இப்படிக் கண்டியில் ஓராண்டு நடந்த பிறகு கடல் கடக்கலாம். அப்போது எங்கே போவது என்பதற்கும் கண்டியே விடை வைத்திருக்கிறது. எருசலேமையும் இஸ்தான்புல்லையும் விட நமக்கு அருகிலும் பொருத்தமாகவும் இருப்பது நாகப்பட்டினக் கரை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேற்றி நம் கிழக்கு மாகாண முஸ்லிம்கள் நினைவுகூரும் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் தர்கா நாகூரில். கண்டிக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த வேளாங்கண்ணி அங்கிருந்து சிறிது தூரத்தில். சிக்கலில் சிங்காரவேலன். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய சூடாமணி விகாரை இருந்த ஊர் நாகப்பட்டினம்; எஞ்சியிருந்த கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டாலும், அங்கு கிடைத்த புத்தர் வெண்கலங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சற்று வடக்கே தரங்கம்பாடி. 1706இல் சீகன்பால்க் வந்திறங்கித் தமிழில் அச்சேற்றிய இடம். தமிழகத்தில் பௌத்தம் செழித்திருந்த செய்தி சிங்களப் பிள்ளைக்குப் புதிது, தமிழ்ப் பிள்ளைக்கும் பெரும்பாலும் புதிதுதான். சொந்த நாட்டில் பெரும்பான்மையாக இருக்கும் பிள்ளை அங்கே சில நாள் சிறுபான்மையாக நடமாடும். அந்த உணர்வைக் கண்டியில் எவ்வளவு திட்டமிட்டாலும் கொடுக்க முடியாது. வெளிநாட்டுப் பயணத்துக்குரிய உண்மையான நியாயம் இதுவே என்பது என் எண்ணம். புத்தகயாவுக்கே போனாலும் பல சமயக் குழுவாகப் போனால் காட்சி மாறும்: 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பௌத்தரும் இந்துக்களும் சம எண்ணிக்கையில் அமர்ந்து மகாபோதியை நிர்வகிப்பதும், அது பற்றிப் பௌத்தர்கள் எழுப்பும் குறையும் அங்கே நல்ல விவாதப் பொருளாகும்.

செலவு பற்றிய கவலை நியாயமானது. 2022இன் பொருளாதார நெருக்கடி நமது குடும்பங்களை இன்னும் விடவில்லை. விமானப் பயணம் என்றால் தோட்டத்துப் பிள்ளையும் கண்டி மஹியாவையின் நெரிசல் வீட்டுப் பிள்ளையும் வெளியே நிற்கவேண்டி வரும், அவர்கள் இல்லாத குழுவில் கண்டி இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கி இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்ட காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் சேவை இந்தக் கணக்கை மாற்றக்கூடியது. மழைக்காலத்தில் கடல் அனுமதிக்காது என்பதால் ஆண்டின் முற்பகுதியே உகந்தது. கண்டியிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் வழியில் நல்லூரில் ஒரு நாள் தங்கலாம். அப்படிச் செய்தால், வடக்கை இதுவரை செய்திகளில் மட்டும் பார்த்த சிங்களப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்தைத் தொலைவாகவே நினைத்துப் பழகிய மலையகப் பிள்ளைக்கும் அந்தப் பாதையே முதற் பாடமாக அமையும். கட்டணத்தைப் பாடசாலைகள் தனித்தனியே வசூலிக்காமல், பழைய மாணவர் சங்கங்களும் நான்கு சமய நிறுவனங்களும் பங்கிடும் பொது நிதியிலிருந்து கொடுக்கவேண்டும். தெரிவுக்கு வருமானமோ பரீட்சைப் புள்ளியோ அளவுகோலாகக் கூடாது. கண்டியில் அந்த ஓராண்டு நடையில் யார் தவறாமல் வந்தார்கள், யார் பிறர் வாசலில் நின்று கேள்வி கேட்டார்கள் என்பதைக் குறித்துவைத்த ஆசிரியர்களின் ஏட்டிலிருந்தே பெயர்கள் வரவேண்டும்.